மார்ச்சில் கொட்டிய மழை

பத்து வருட தினசரி மழை அளவை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஏற்றி, மாதவாரியாகச் சராசரி எடுத்து, அட்டவணையை என் ஆய்வு கைடுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "ஏம்மா, உங்க ஊர்ல மட்டும் மார்ச் மாசம் புயலா?"

பார்த்தால், வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் நவம்பரைவிட மார்ச்சுக்கு அதிக மழை. சிவப்பு எழுத்தில் எந்த எரரும் வரவில்லை. நிரல் சமர்த்தாக ஓடி முடிந்திருந்தது.

அன்றிரவு வீட்டு லேப்டாப்பில் அதே நிரலை, அதே கோப்பை வைத்து ஓட்டினேன். இங்கே வேறு கதை. எச்சரிக்கை ஒன்று வந்தது, சராசரி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'என்ஏ' (NA), அதாவது மதிப்பு இல்லை. ஒரே நிரல், இரண்டு கணினி, இரண்டு விடை. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

மறுநாள் ஆய்வகத்தில், ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று காட்டும் எஸ்டிஆர் கட்டளையைப் போட்டுப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. (முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.) மழை நெடுவரிசை எண்ணாகவே இல்லை, ஃபேக்டராக இருந்தது. ஃபேக்டர் என்றால், வேறுவேறு மதிப்புகளை வகைகளாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைப்பது. பதிவேட்டைத் தட்டச்சு செய்தவர் மழை இல்லாத நாட்களில் சில இடத்தில் 0 என்றும் சில இடத்தில் 'நில்' (ஆங்கில nil, 'ஏதுமில்லை') என்றும் போட்டிருக்கிறார். ஒரே ஒரு 'நில்' போதும், முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். ஆய்வகத்தில் இருந்தது ஆரின் பழைய 3.6 பதிப்பு. அது எழுத்தைக் கேட்காமலே ஃபேக்டராக்கும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 முதல் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். வீட்டில் இருந்தது புதியது, அதில் 'நில்' எழுத்தாகவே நின்று, எண்ணாக்கும்போது என்ஏ ஆகிவிட்டது.

ஃபேக்டர்மேல், எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமெரிக் கட்டளையைப் போட்டால் மதிப்பு வராது, வரிசை எண்தான் வரும். ஐந்து மதிப்புகளை மட்டும் எடுத்துச் சோதித்தேன்: 0, 112, 12.4, 3.6, நில். எழுத்து வரிசையில் அடுக்கி 1, 2, 3, 4, 5 என்று கொடுத்தது. அதாவது 112 மி.மீ. கொட்டிய நாளுக்கு 2, சொட்டுகூட விழாத நாளுக்கு 5! மார்ச் முழுக்க 'நில்'. அதுதான் புயல்.

என்ஏக்களை நீக்கிவிட்டுச் சராசரி எடு என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் தப்பு. 'நில்' போட்ட நாட்களும் மழை இல்லாத நாட்கள்தான், அவற்றைத் தூக்கிவிட்டால் சராசரி உண்மையைவிடக் கூடிவிடும். அதனால் முதலில் எழுத்தாக மாற்றி, 'நில்' எல்லாவற்றையும் 0 ஆக்கி, அப்புறம்தான் எண்ணாக்கினேன்.

சரி, ஆய்வகத்திலும் புதிய ஆரைப் போட்டுவிடலாம் என்று கை வைத்தேன். பழைய பேக்கேஜ் (ஆரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்பு) ஒன்றுகூட ஏறவில்லை, '4.0.0க்கு முன் நிறுவியது, மறுபடி நிறுவு' என்றது. பல பேக்கேஜ்கள் சேர்ந்த டைடிவர்ஸை நிறுவினால், ஆய்வகக் கணினியின் உபுண்டு இயங்குதளம் ஒவ்வொன்றையும் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து, கடைசியில் பத்துப் பதினைந்து பேக்கேஜ் தோல்வி என்று பட்டியல் போட்டது. கடைசி வரிகளை கூகுளில் தேடி ஒரு மதியமே போயிற்று. காரணம் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே இருந்தது: கர்ல், எக்ஸ்எம்எல்2, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மூன்று பேக்கேஜ்களுக்கும் தேவையான சிஸ்டம் லைப்ரரிகள் உபுண்டுவில் இல்லை. அவற்றைப் போட அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்த ஆய்வக அண்ணன், தன் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் வந்து பாஸ்வேர்டு போட்டதும் எல்லாம் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு, வேண்டிய நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் கட்டளை மக்கர் செய்தது. அந்தக் கட்டளை உள்ள டிப்ளையர் பேக்கேஜுக்குப் பின்னால் மாஸ் பேக்கேஜை ஏற்றியிருந்தேன். அதிலும் ஒரு செலக்ட் உண்டு, பின்னால் ஏற்றியதுதான் ஓடும். டிப்ளையர் என்று முன்னால் சேர்த்து இரட்டை முக்காற்புள்ளி வைத்ததும் அடங்கியது.

இப்போது மார்ச் வறண்டு கிடக்கிறது, நவம்பர் உச்சியில் நிற்கிறது. ஆனால் 'நில்'லும் இல்லாமல் 0வும் இல்லாமல் வெறுமனே காலியாக விட்ட நாட்கள் சில இருக்கின்றன. மழை இல்லையா, அளக்கவே இல்லையா? மூலப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன்.