கறுத்தக் கொழும்பானும் கோட்டை மான்களும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிற எனக்கு மான் என்றால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற ஒன்று. திருகோணமலையில் அம்மாவுக்கோ, கேற்றைச் சாத்த மறந்தால் உள்ளே வந்து நிற்கிற விருந்தாளி. வீடு பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்ட. புள்ளிமான்கள் ஒழுங்கைக்குள் சர்வசாதாரணமாகத் திரியும்.

போன வருசம் பத்தரமுல்லையில் ஒரு கறுத்தக் கொழும்பான் மாமர ஒட்டுக்கன்று வாங்கி, இரவு ரயிலில் மடியில் வைத்தே கொண்டுபோய் நட்டேன். பத்தாம் நாள் அம்மாவின் அழைப்பு: "பிள்ளை, உன்ர கொழும்பானை மான் மொட்டையடிச்சிட்டுது."

படம் அனுப்பச் சொன்னேன். கொப்பு நுனி, மென்று துப்பிய வேப்பங்குச்சி மாதிரி நார்நாராகக் கிடந்தது. மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கவ்வி இழுத்துப் பிய்க்கும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவினது போலிருக்கும். ஆடும் இப்படித்தான் பிய்க்கும், ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஆடு இல்லை.

கொழும்பிலிருந்து ஆலோசனை சொல்வது சுலபம். முட்டையைத் தண்ணீரில் அடித்துத் தெளிக்கச் சொன்னேன், அந்த நாற்றத்துக்கு மான் அண்டாதாம். "கோயில் கொடியேறியிருக்கு, முட்டையைத் தொடச் சொல்லுறியோ?" என்று அம்மா ஏசினா. சவர்க்காரக் கட்டியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். மாரி மழையில் அது கரைந்து ஓடியது. அதற்குள் ஒரு ஆண் மான் இளவேம்பில் கொம்பைத் தேய்த்து, முழங்கால் உயரத்துக்குப் பட்டையை உரித்துவிட்டது. நல்லகாலம், ஒரு பக்கம்தான். சுற்றிவர உரிந்தால் இலையில் உண்டாகும் சாப்பாடு வேருக்கு இறங்காது, மரம் பட்டுப்போகும்.

கடைசியில் லீவு போட்டுப் போய், ஐந்தடி உயரக் கம்பிவலை வாங்கினேன். முதலில் கன்றோடு ஒட்டச் சுற்றினேன். அது என் மடத்தனம். அடுத்த நாள் காலை வலைக்கு மேலால் தலையை விட்டு மிச்ச இரண்டு இலையும் போயிருந்தன. பின்னங்காலில் எழும்பி நின்று எட்டவும் இதுகளுக்குத் தெரியும். பிறகு நாலு கதியால் தடி நட்டு, கொப்பு நுனியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி வலையை வட்டமாகக் கட்டினேன். அடிப்பக்கத்தை நிலத்தோடு முளையடித்து இறுக்கினேன். இவ்வளவு ஒடுங்கின இடத்துக்குள் மான் பாய்ந்து இறங்காது. வேம்புக்கும் அடியில் தனியாக ஒரு வலை.

போன கிழமை வீடியோ அழைப்பில் கொழும்பானில் செம்பு நிறத் தளிர் தெரிந்தது. அப்புறம் அம்மா கமராவைத் திருப்பினா. கேற்றுக்கு வெளியே ஒரு பெட்டை மான் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நிற்கிறது.

"ஆர் அம்மா போட்டது?" என்றேன்.

"அடுப்பில பால் இருக்கு," என்று வைத்துவிட்டா.