கம்பெனியை நிறுத்தி வைத்த இனிஷியல்

பதினோரு வருடமாகத் தனி ஆளாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு ஒப்பந்தத்தில், பிழை வந்தால் வாடிக்கையாளரின் நஷ்டம் முழுவதையும் நானே ஈடுகட்ட வேண்டும் என்று இருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. தொழில் வேறு, வீடும் தோட்டமும் வேறு என்று இருக்கட்டும் என்றுதான் ஓ.பி.சி. எனும் ஒரு நபர் கம்பெனிக்கு இறங்கினேன். எல்.எல்.பி. எனும் வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டு நிறுவனத்துக்கு இரண்டு பேர் வேண்டும்.

டிஜிட்டல் கையெழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. 1000 ரூபாய் கட்டிக் கேட்ட கம்பெனிப் பெயரும் முதல் தடவையே கிடைத்தது. ஆனால் அந்தப் பெயர் 20 நாள்தான் நமக்கு. அதற்குள் ஸ்பைஸ் பிளஸ் எனும் கம்பெனிப் பதிவு விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியைப் போட வேண்டும். நான் காகிதம் தேட ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான். அதுதான் தப்பு.

கம்பெனி முகவரிக்குக் காட்ட வேண்டிய, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டு கரண்ட் பில் இன்னும் அப்பா பெயரில். அவர் போய் நாலு வருடம். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது? பில்லில் பெயர் மாற்றலாம் என்று மின் அலுவலகம் போனால், மேசையில் இருந்தவர் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாரிசு சான்றிதழோடு வாருங்கள் என்றார். அது மாதக்கணக்காகும் என்பதை வெளியே பெட்டிக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அரை நாள் போனது.

பொள்ளாச்சியில் முகவரி போட்டால் என்ன என்று ஆடிட்டரைக் கேட்டேன். கம்பெனியே தமிழ்நாட்டுக் கம்பெனியாகிவிடும் என்றார். கடைசியில் சித்தப்பா கடை மாடி கைகொடுத்தது. பில்லும் வரி ரசீதும் அவர் பெயரில். வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்குள் வந்த பில், மூன்றும் ஒரே நாளில் தயார்.

அடுத்தது நாமினி. எனக்கு ஏதாவது ஆனால் கம்பெனி அவர் கைக்குப் போகும், அதனால் பொள்ளாச்சியில் இருக்கும் அக்காவைத்தான் போட்டேன். அக்காவின் ஆதாரில் மாமா பெயரின் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. கல்யாணமான நம் பெண்கள் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். விண்ணப்பம் போகும் முன்பே ஆடிட்டர் கண்ணில் பட்டது பெரிய புண்ணியம். பான் அட்டையை ஆதார்படி திருத்தக் கொடுத்துவிட்டு, 20 நாள் முடியும் முன் இன்னொரு 1000 ரூபாய் கட்டிப் பெயரை மேலும் 20 நாள் நீட்டித்தேன். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கெடு தாண்டிவிட்டால் பெயர் போய்விடும்.

15 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துக்கு, அதாவது கம்பெனி பங்குகளாக வெளியிடக்கூடிய உச்சத் தொகைக்கு, பதிவுக் கட்டணம் இல்லை என்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாநில முத்திரைத் தீர்வை தனி.

கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், பான், டான் எனும் வரிப் பிடித்த எண் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் வந்தன. அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். இனி 180 நாளுக்குள் மூலதனத்தை வங்கியில் போட்டு, தொழில் தொடங்கிய அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.