படத்துக்குப் பக்க எண் கேட்டார்கள்

மாமா பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். பத்மநாபபுரம் அரண்மனையில் உட்கார்ந்து வரைந்த பென்சில் படங்கள், ரவிவர்மா அச்சகத்துப் பழைய லித்தோ (கல்லச்சு) படங்கள், கொஞ்சம் கலைப் புத்தகங்கள், இதுதான் அவர் சேர்த்த சொத்து. அவர் போனபிறகு எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அத்தை. புத்தகங்களை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

படங்கள்தான் படுத்திவிட்டன. பதிவேட்டில் ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை என்று கட்டம் போட்டிருக்கிறது, படத்துக்கு எதை எழுதுவது? “விலை இல்லாம எப்படி சார் ஏத்துறது, நாளைக்கு ஆடிட்ல காணோம்னா நான்லா கட்டணும்” என்றார் எழுத்தர். அவர் பயம் நியாயம்தான். ஆனால் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு படத்தின் முகத்திலேயே முத்திரை குத்திவிட்டார், அரண்மனை முகப்பு மண்டபமான பூமுகத்துக் குதிரை விளக்கின் நடுவில், ஊதா மையில்! இன்னும் ஆறவில்லை எனக்கு. மீதியை லேமினேஷன் பண்ணி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்று வேறு யோசனை. லேமினேட் செய்த தாளை மறுபடி பிரித்தெடுக்க முடியாது, வெயில் பட்டால் வண்ணம் வெளுத்துப்போகும். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழி சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு நூலகர். படங்களை ஆல்பமாகக் கட்டுங்கள், முதல் தாளில் தலைப்பும் வரைந்தவர் பெயரும், பக்க எண், ஒரு மதிப்புத் தொகை, அவ்வளவுதான், பதிவேட்டுக்கு அது புத்தகம் என்றார். நூல்களை எண்ணால் வகைபிரிக்கும் டூயி முறையில் 700 என்றால் கலை, இடமும் கிடைத்துவிடும். பசை தடவாதீர்கள், அமிலமில்லாத தாளில் மூலைகளை மட்டும் செருகுங்கள். நன்கொடைப் பட்டியல் இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அது விழவேண்டிய இடம் அதுதான்.

இணையத்தில் ஏற்றவும் ஆசைப்பட்டார்கள். ரவிவர்மா 1906லேயே காலமானவர், சிக்கலில்லை. மாமா வரைந்தவற்றுக்கு அவர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை வாரிசுகளுக்கு, தாளைக் கொடுத்தால் உரிமை கூடவே போய்விடாது. அத்தையும் பிள்ளைகளும் தனிக்கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போட்டால் பூஞ்சை வரும், அதையும் சொல்லிச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட வைத்தேன். இப்போது வரைய வரும் பிள்ளைகளிடம் “கை ஈரமில்லையே?” என்று கேட்டு ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பது அதே எழுத்தர்தான். லித்தோ படங்களுக்கு அடுத்த ஆல்பம் தயாராகிறது. பின்பக்கம் பென்சிலில் எண் போடாமல் ஒரு படமும் வீட்டைவிட்டுக் கிளம்பாது.