தேயாத கிளட்ச் பிளேட் ஏன் வழுக்கியது?

பத்து வயதைத் தாண்டிய ஒரு சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக் காரைச் சென்ற ஆண்டு வாங்கினேன். ஊருக்குள் ஓட்டும்போது அதில் குறையொன்றும் தெரியவில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், ஐந்தாவது கியரில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 2500-இலிருந்து 3500-க்குத் தாவியது. வண்டியின் வேகமோ 70 கிலோமீட்டரிலேயே நின்றது. மிதியைச் சற்றுத் தளர்த்தியதும் முள் இறங்கி, வண்டி மறுபடியும் இயல்பாக ஓடியது. இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்போது முதலில் இப்படித்தான், மேல் கியரில்தான், தெரியும். கீழ் கியர்களில் வண்டி சட்டென்று முன்னேறிவிடுவதால் சுமை நீடிப்பதில்லை. ஐந்தாவது கியரில் இன்ஜினின் முழு விசையும் வெகுநேரம் கிளட்ச் பிளேட் என்ற உராய்வுத் தட்டின் மேலேயே நிற்கிறது.

இந்த அறிகுறியைச் சொன்னால் பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: பிளேட் தேய்ந்துவிட்டது, கிளட்ச் செட்டை மாற்றிவிடலாம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கியர் பாக்ஸை இறக்குவது சிறிய வேலையல்ல என்பதால், அதற்கு முன் வெளியிலிருந்தே பார்த்துவிடக்கூடிய எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

கிளட்சின் கோளாறுகள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் வருகின்றன. ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றொன்று, விட வேண்டிய நேரத்தில் முழுதாக விடாமல் இழுப்பது. முதலாவதற்குப் பிளேட், அதை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதற்குப் பெடலிலிருந்து வரும் கேபிள், அது இழுக்கும் கவையான ஃபோர்க், ஹைட்ராலிக் அமைப்பாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இழுக்கிறதா என்று அறிய ரிவர்ஸ் கியரே போதும். பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது என்பதால், பெடலை முழுதாக மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்.

என் காரில் விந்தையாக இரண்டுமே இருந்தன. நெடுஞ்சாலையில் வழுக்கியது, ரிவர்ஸ் போடும்போது லேசாகக் கரகரத்தது. கிளட்ச் கேபிளின் முனையைப் பார்த்தபோது இதற்கு விளக்கம் கிடைத்தது. அங்கிருந்த அட்ஜஸ்ட் நட்டில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடங்கள் இருந்தன. மற்ற இடமெல்லாம் தூசியும் துருவுமாக இருக்க, நட்டுக்குப் பக்கத்து மரைகள் மட்டும் பளபளத்தன. பெடலைக் கையால் அழுத்தி அளந்தால், தடை தட்டுவதற்கு முன் அது முப்பது மில்லிமீட்டருக்கும் மேல் சும்மா இறங்கியது. கேபிள் வகைக் கார்களில் இந்தத் தளர்வு பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். யாரோ கேபிளைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் கிளட்ச் முழுதாக விடாமல் ரிவர்ஸில் கரகரக்கிறது என்பது தெளிவாயிற்று.

கேபிள் இறுகியிருந்தால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டின் விரல்களை (நடுவில் உள்ள ஸ்பிரிங் நாக்குகளை) அழுத்திக்கொண்டேயிருக்கும். அதனாலேயே கிளட்ச் வழுக்கலாம். பிளேட் தேயத் தேய அந்த விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வருவதால், பெடலின் தளர்வு தானாகக் குறைந்துகொண்டே போவதும் இயல்பு. ஆகவே வழுக்கும் கிளட்சுக்கு முதல் வைத்தியம் கேபிளைத் தளர்த்துவதுதான், அதில் தவறில்லை. ஆனால் தேவைக்கு மேல் தளர்த்தியும் வழுக்கல் நிற்கவில்லை என்றால், நோய் கேபிளில் இல்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் இந்த நட்டை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. வண்டியின் வரலாற்றை விற்பவரைவிட அது நேர்மையாகச் சொல்லும்.

கேபிளைச் சரியான அளவுக்கு வைத்ததும் ரிவர்ஸ் சத்தம் நின்றது, வழுக்கல் நிற்கவில்லை. அடுத்து, வழக்கமான சோதனை. சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், நான்காவது கியரைப் போட்டு, சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே நின்றுபோகும். என் காரில் பெடல் முழுதாக மேலே வந்த பிறகும் இன்ஜின் ஓரிரு நொடிகள் முனகிக்கொண்டே ஓடியது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்வது மிச்சமிருக்கும் பிளேட்டையும் எரித்துவிடும்.

சத்தத்தையும் கவனித்தேன். நியூட்ரலில் நிற்கும்போது பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் அடங்கி, விட்டால் எழுந்தால் கிளட்சிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டான, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் பேரிங். இரண்டுமே இங்கு இல்லை. ஆனால் காரின் அடியில் படுத்துப் பார்த்தபோது, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் கீழ்விளிம்பில் கருமையான ஈரம் இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி இல்லை. சாதாரண இன்ஜின் ஆயிலின் வாடைதான். கியர் ஆயிலாக இருந்திருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீலை (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) சந்தேகிக்கலாம். இன்ஜின் ஆயில் என்றால் இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல்.

எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் கேபிள்கள், இரு பக்க டிரைவ் ஷாஃப்டுகள் ஆகியவற்றைக் கழற்றி, இன்ஜினை அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, கியர் பாக்ஸைப் பக்கவாட்டில் இழுத்து இறக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தபோது, கிளட்ச் பிளேட் அவர் கையில் வந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைனிங் நல்லாத்தான் இருக்கு சார், ஆயிலைக் குடிச்சிருக்கு" என்றார். உண்மைதான். ரிவெட் தலைகள், லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டையின் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளேயே இருந்தன. அந்த ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் தேய்ந்துவிட்டது என்று மாற்றுவது வழக்கம். லைனிங்கின் ஒரு பக்கம், ஃப்ளைவீலை ஒட்டிய பக்கம், கறுத்து மினுங்கியது. ஓரத்தில் எண்ணெயும் தூசியும் கலந்து பசைபோலப் படிந்திருந்தது.

பெட்ரோலில் கழுவி, மணல் தாளில் தேய்த்து மாட்டிவிடலாம் என்ற யோசனையும் பட்டறையில் எழுந்தது. எண்ணெய் ஊறிய மண் அகலை எவ்வளவு துடைத்து வைத்தாலும் சூடேறினால் கசியத்தானே செய்யும், லைனிங்கும் அப்படித்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொன்னேன். பேரிங் ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தது. என்றாலும், அதை மட்டும் மாற்ற நாளை இதே கூலியைக் கொடுத்து இதே கியர் பாக்ஸை மறுபடி இறக்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஃப்ளைவீலைக் கழற்றியதும் சீல் தெரிந்தது. ரப்பர் உதடு கல்லாக இறுகியிருந்தது. வயதான சீல் இறுகுவது இயற்கைதான் என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். மெக்கானிக் நிறுத்தவில்லை, இன்ஜினின் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கலகலவென்று ஆட வேண்டிய உறுப்பு ஆடவில்லை. கருங்குழம்பாகக் கசடு அடைத்திருந்தது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு இழுத்துச் செல்வதுதான் அந்த வால்வின் வேலை. அது அடைத்துக்கொண்டால் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம், இருப்பதிலேயே பலவீனமான சீலின் வழியாக எண்ணெயை வெளியே தள்ளுகிறது. பழைய வால்வோடு புதிய சீலையும் புதிய கிளட்ச் செட்டையும் போட்டிருந்தால், சில மாதங்களில் அதே ஈரம் அதே இடத்துக்கு வந்திருக்கும். வால்வின் விலை அந்த பில்லிலேயே மிகச் சிறிய தொகை.

பொருத்தும்போது நான் அருகிலிருந்து பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பழைய சீலின் உதடு கிராங்க் ஷாஃப்டில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்றைப் பதித்திருந்தது. புதிய சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்ததால், அதன் உதடு தேயாத பரப்பில் அமர்ந்தது. ஃப்ளைவீலில் நீலநிறத் திட்டுகளோ வெடிப்போ இல்லாததால் லேத்துக்கு அனுப்பும் தேவை வரவில்லை. புதிய பிரஷர் பிளேட்டின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசப்பட்டிருந்த எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுத்தார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸை விரலால் தடவி, உபரியை வழித்தெடுத்தார். அதிகமாக விட்டால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில்தான் போய்ச் சேரும். பிளேட்டை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்டைச் செருகிவிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினார். கியர் பாக்ஸை ஏற்றும்போது இருவர் தாங்கிப் பிடித்தார்கள். அதன் எடையை இன்புட் ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டால் புதிய பிளேட்டின் நடுப்பகுதியே வளைந்துவிடும். கேபிளும் பழையது என்பதால் அதையும் மாற்றி, டிரைவ் ஷாஃப்டைக் கழற்றியபோது வடிந்த கியர் ஆயிலைப் புதிதாக நிரப்பினோம்.

முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதையும் மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதையும் தவிர்த்தேன். அதன் பிறகு பெடலின் தளர்வை மறுபடி அளந்தபோது, புதிய கேபிள் சற்று அமர்ந்திருந்ததால் நட்டை ஒரு சுற்று முடுக்க வேண்டியிருந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். முன்பு புகையோடு கையில் அடித்த காற்று இப்போது இல்லை. கியர் பாக்ஸின் கீழ்விளிம்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அந்த இடத்தையும் பிசிவி வால்வையும் சேர்த்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.