நைட் டியூட்டிக்கு அப்புறம் கொஞ்சம் டெட்ரிஸ்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கு இது புரியும். டியூட்டி முடிந்துவிடும், ஆனால் சில காட்சிகள் முடியாது. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால், கூப்பிடாமலே வந்து நிற்கும். பேச்சாக வராது, படமாகத்தான் வரும்: ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கும் ஒரு கை, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

மகனின் பழைய போனில் டெட்ரிஸ் (மேலிருந்து இறங்கும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கி வரிகளைக் காலி செய்யும் விளையாட்டு) விளையாட ஆரம்பித்தபோது இதையெல்லாம் நினைக்கவில்லை. சும்மா பொழுதுபோக்குத்தான். ஆனால் விளையாடிய நாட்களில் அந்தப் படங்கள் குறைவாக வருவதுபோல் இருந்தது. பிரமையா என்று தெரிந்துகொள்ளத் தேடிப் படித்தேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-ல் வெளியான ஆய்வில், கோரமான விபத்துக் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில் சிலரை அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்தது மற்றவர்களைவிடக் குறைவு. அப்புறம் 2017-ல் நிஜ நோயாளிகள்: சாலை விபத்தில் சிக்கி மருத்துவமனைக்கு வந்த 71 பேர். விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், அவர்களில் சுமார் பாதிப் பேரை நடந்ததைச் சற்று நினைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு விளையாட வைத்தார்கள். அங்கும் முதல் வாரத்தில் அதே பலன்தான்.

மனதைத் திசைதிருப்பினால் யாருக்கும் இப்படித்தானே ஆகும் என்று நானும் நினைத்தேன். அங்கேதான் விஷயம். 2010-ல் டெட்ரிஸுக்குப் பக்கத்தில் வினாடி வினாவையும் வைத்துப் பார்த்தார்கள். படம் பார்த்து அரை மணி நேரம் கழித்து வினாடி வினா விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் குறையவில்லை, கூடிவிட்டன! அது சொற்களோடு மல்லுக்கட்டும் விளையாட்டு. தொல்லை செய்வதோ படம். மனதில் படம் வரையும் இடம் சிறியது. முதல் சில மணி நேரம் நினைவு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும்போது அந்த இடத்தை வேறு வடிவங்கள் பிடித்துக்கொண்டால், காட்சி அழுத்தமாகப் பதிவதில்லை என்பது அவர்களுடைய விளக்கம். சம்பவம் மறந்துபோகாது. எனக்கும் கேஸ் ஷீட்டில் எழுதியது அத்தனையும் நினைவிருக்கும்.

1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு இது. மொத்தம் ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றும் நாலு கட்டம். எஸ் வடிவம் இறங்கும்போதே அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட வேண்டும், விரல் அப்புறம்தான். நான் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டு நீளக்கட்டைக்காகக் காத்திருப்பேன். அது வந்தால் நாலு வரி ஒரேயடியாகக் காலி. வராவிட்டால் கோபுரம் உயர்ந்துகொண்டே போகும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் ஒற்றைச் செருப்புக்கு ஏது இடம்?

இதை வைத்து எல்லா கேமும் மருந்து என்று சொல்ல மாட்டேன். லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) சர்ஜன்கள் 33 பேரை வைத்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் விளையாடிய பழக்கம் உள்ளவர்கள் பயிற்சித் தேர்வில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்களாம். மகன் அதை என்னிடம் வாசித்துக் காட்டினான், அவன் நோக்கம் வேறு! எனக்குச் சந்தேகம்தான். இயல்பிலேயே கை சுத்தமானவர்கள் கேம் பக்கம் போயிருக்கலாம் இல்லையா? தவிர, கேமை நிறுத்தவே முடியாமல் வாழ்க்கை குலைவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022-லிருந்து அது நடைமுறையில் உள்ளது. அதனால் போனில் அலாரம் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். கட்டைவிரலும் அதற்கு மேல் தாங்காது. நெடுநாளாகத் தூக்கத்தைக் கெடுக்கும் நினைவு என்றால் போனை வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி காலையில் வினாடி வினா ஆட ஆள் சேர்க்கிறாள். நைட் டியூட்டி முடிந்த காலையில் வேண்டாம் தாயே, லீவு நாளில் கூப்பிடு, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.