சுண்ணாம்புச் சுவரும் சின்னக்காவின் டைல்ஸும்

கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் 1930களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். அதன் நடு மாடி எங்களுடையது, அப்பப்பா வாங்கியது. வீட்டின் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன வடிவு" என்கிறார்கள்: வளைந்த பல்கனி, உயரமான அறைகள், இரும்புச் சட்டம் போட்ட யன்னல்கள். வடிவுதான். ஆனால் திருத்த வேலை தொடங்கிய பிறகு எனக்கு வடிவைப் பற்றிப் பேசுகிற ஆசையே போய்விட்டது. இப்போது யார் வந்தாலும் மேற்குச் சுவரைக் காட்டித்தான் கதை தொடங்குகிறேன், ஆட்கள் மெல்ல எழும்பிப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சுவர் கடலைப் பார்த்தது. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் காற்றோடு சேர்த்து மழையை அதன்மேல்தான் அடிக்கும். மழையில்லாத நாளிலும் உப்புக்காற்று. இத்தனைக்கும் அது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், பல பத்தாண்டுகள் பெரிய பிரச்சினை இல்லாமல் நின்றது. இடையில் ஒரு கன்ராக்டர் வந்து பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சீமெந்து பூசி, அதற்கு மேல் நல்ல பளபளப்பான பெயின்டும் அடித்துவிட்டுப் போனார். அதிலிருந்துதான் வியாதி. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே எடுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சீமெந்து அப்படியில்லை, இறுகிப்போய் மயிரிழை அளவில் வெடிக்கும், அந்த வெடிப்பால் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீருக்குத் திரும்பி வர வழி இருக்காது. காய்ச்சல்காரனுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட மாதிரி. உள்ளுக்குள் இருக்கிற உப்பு காயும்போது பளிங்காக விளைந்து, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துத் தள்ளும்.

இதை எனக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லவில்லை. காலி நகரப் பக்கத்திலிருந்து வந்த மேசன் பாஸ் (எங்கள் ஊரில் தலைமை மேசனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது, டொக்கென்று வெறுமையாக. உளியை வைத்து ஒரு நெம்பு, பாய் அளவுக்குப் பூச்சு கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது. பாஸ் அந்த வெள்ளையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "லுணு" என்றார், சிங்களத்தில் உப்பு, துப்பினார், பிறகு தேத்தண்ணீர் கேட்டார்.

சரி, சுண்ணாம்பே பூசுவோம் என்றால் அடுத்த தலையிடி. அந்தக் காலத்தில் கரையோரத்தில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, தடைசெய்ததும் நல்லதுதான், இல்லாவிட்டால் கடல் இன்னும் வீட்டுக்குள் வந்திருக்கும். நாங்கள் மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பை எடுப்பித்து, பீப்பாயில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டோம். வாரக்கணக்கில் ஊற வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணல், மெல்லிய படைகளாகப் பூச்சு, ஒவ்வொரு படைக்கும் ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும், ஏனென்றால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் மெல்ல மெல்ல இறுகும். அவசரப்படுகிறவனுக்கு இது சரிவராது. மேலே பெயின்டும் அடிக்கக்கூடாது, சுண்ணாம்பு வெள்ளைதான்.

இதைக் கேட்டு ரொறன்ரோவிலிருக்கும் சின்னக்காவுக்குக் கோபம். காசில் பாதி அவருடையது, அதனால் கோபப்பட உரிமை இருக்கிறது. "தம்பி, இவ்வளவு காசு குடுத்து சுண்ணாம்பு அடிக்கிறியா? ஏன்ரா உந்தச் சிவப்பு நிலத்தையும் கட்டி அழுறாய், வடிவா டைல்ஸ் போடன்!" நிலத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்புச் சீமெந்து நிலம், மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியுமளவுக்கு ஏறிய பளபளப்பு, அம்மா இன்றைக்கும் வெறுங்காலோடுதான் நடக்கிறா. டைல்ஸ் போட்டால் நிலம் உயரும், தேக்குக் கதவுகள் அத்தனையையும் அடியில் அறுக்க வேண்டும், பழைய தளத்துக்குப் பாரமும் கூடும். இதையெல்லாம் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தாண்டியதையும், டைல்ஸ் இறக்குமதிக்குப் போட்ட கட்டுப்பாட்டையும் ஞாபகப்படுத்தியதும்தான் அடங்கினார். கலையுணர்வு செய்யாததை விலைவாசி செய்யும்.

பல்கனியைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உப்பால் துருப்பிடித்துப் பருத்துக் கொங்கிரீட்டைப் பிளந்திருந்தது. கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, திரும்பக் கட்ட வேண்டும். மேலால் பூசி மறைத்தால் ஒரு மழைக்குக்கூட நிற்காது. வயறிங் முழுக்கப் புதிது. மரச்சட்டத்தில் ஆணியடித்த பழைய கேபிள்களின் றப்பர், கை பட்டதும் பொடியாகியது. 5, 15 அம்பியர் வட்டப் பின் சொக்கெற்றுகளைக் கழற்றி சதுரப் பின் 13 அம்பியருக்கு மாற்றி, மின்கசிவு வந்தால் தானாக நிற்கிற ட்ரிப் சுவிச்சும் போட்டாயிற்று. அம்மாவின் பழைய இஸ்திரிப்பெட்டி மட்டும் இப்போது எதிலும் செருகுப்படாது.

உண்மையான சிக்கல் பத்திரத்தில். மாடிக்கு மாடி தனி உறுதிப்பத்திரம் எடுக்க வழிசெய்த சட்டம் 1970களில்தான் வந்தது, இப்போது இருப்பது 1973இன் 11ஆம் இலக்கம். அதன்படி வெளிச்சுவர், கூரை எல்லாம் பொதுச் சொத்து, அதைப் பார்க்க முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்று வீட்டுக்காரர்கள் சேர்ந்த ஓர் அமைப்பு. எங்கள் கட்டடம் அதற்கு முந்தியது, ஒருவரும் பிறகு அதற்குள் கொண்டுவரவும் இல்லை. ஆகவே கையில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு, எது யாருடையதென்று பத்திரத்தில் தனியாகப் பிரித்துக் காட்டாத பங்கு. மொட்டைமாடி ஒழுகினால் யார் திருத்துவது? மேல்மாடி அன்ரி "எல்லாருக்கும் பொது" என்கிறார், கீழ்மாடியில் கடை வைத்திருக்கிறவர் "எனக்கு ஒழுகேல்லையே" என்கிறார். நாங்கள் நடுவில். எங்கள் குடும்பத்துக்குள்ளேயே கையெழுத்து வாங்க ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து அற்றோணித் தத்துவம், அதாவது அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், எடுக்க வேண்டியிருந்தது, அது சுண்ணாம்பை விட மெதுவாக இறுகியது. பழைய கட்டடத்தில் பங்கு வைத்திருப்பவர்கள் மேசனைத் தேடமுதல் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசைத் தேடுங்கள், அதுவும் பங்காளிகள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே.

மொட்டைமாடிச் செலவை மூன்றாகப் பிரிக்கலாம் என்று கடைக்காரர் கடைசியாகச் சம்மதித்திருக்கிறார், தன் பெயர்ப்பலகையை வெளிச்சுவரில் கொஞ்சம் பெரிதாக மாட்ட விடுவதென்றால். மேல்மாடி அன்ரி இன்னும் யோசிக்கிறார். மழைக்கு முன் அவர் தலையாட்டினால் கூரை, இல்லாவிட்டால் அந்தக் காசில் குசினிப் பைப்பை மாற்றிவிடுவேன்.