வாடகையும் ஆல்பனியும்

உள்ளூர்ப் பிரச்சினைக்கு மாநில செனட்டில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். அந்த நகரத்தின் வாடகைச் சட்டத்தை நகர மன்றம் தன் விருப்பத்துக்கு இறுக்க முடியாது. 1971இல் வந்த அர்ஸ்டாட் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலத் தலைநகர் ஆல்பனியிடம் கொடுத்துவிட்டது.

2018இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில், 18ஆம் தொகுதியிலிருந்து மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட ஜூலியா சலசார் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வாடகைதாரர் பாதுகாப்புதான் அவருடைய முதன்மைக் கோரிக்கை. பத்திரிகைகள் அவருடைய பூர்வீகத்தைத் தோண்டுவதில் காட்டிய அக்கறையில் பாதியையாவது இதில் காட்டியிருக்கலாம்!

வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்த வீடுகளுக்கான அப்போதைய விதி வேடிக்கையானது. குடியிருந்தவர் காலி செய்தால், அடுத்து வருபவரிடம் உரிமையாளர் 20 சதவீதம் வரை கூட்டி வாங்கலாம். அப்படி ஏறி ஏறி, 2019 தொடக்கக் கணக்கில் மாத வாடகை 2,774.76 டாலரைத் தொட்ட வீடு காலியானால், அந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே விடுபட்டுவிடும். இருப்பவரை எப்படியாவது கிளப்பினால் லாபம் என்று சட்டமே சொல்லிக்கொடுத்தது.

நீண்டகால உறுப்பினர் மார்ட்டின் டிலானை ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் சலசார் தோற்கடித்தார். ஜூன் 2019இல் வந்த புதிய சட்டம் இந்த இரண்டு விதிகளையும் ஒழித்தது; முன்பணமும் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. எல்லாம் அவர் ஒருவரின் சாதனையல்ல, செனட்டே அந்த ஆண்டு குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியிருந்தது. காரணமின்றி வெளியேற்றத் தடை என்ற அவருடைய இன்னொரு கோரிக்கை 2024 வரை இழுபட்டு, ஏகப்பட்ட விலக்குகளோடுதான் நிறைவேறியது.